பாலும் வயிற்றுவலியும்



ஜோலார்பேட்டையில் வீடு சந்திக்கச் சென்றபோது ஓர் அன்னை முறையிட்டார்: "சாமி, பள்ளிக்குக் கிளம்பும் வேளையில் நாள்தோறும் வயிற்றுவலி என்கிறான், எல்லாம் நடிப்பு!" விசாரித்ததில், காலையில் பெரிய டம்ளர் நிறையப் பால் கட்டாயமாம். இரு வாரம் பாலை நிறுத்தினார்கள், வலியும் நின்றது.

பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் என்னும் நொதி, சிறுபிராயம் கடந்தபின் பலருக்குக் குறைந்துவிடுகிறது. 1981-இல் வெளிவந்த ஆய்வொன்றில், டில்லியில் நூற்றுக்கு ஏறத்தாழ 27 பேரிடமும் தென்னாட்டில் 66 பேரிடமும் இக்குறை காணப்பட்டது. பையனைக் கடிந்துகொண்டது முறையன்று.

இத்தகையோர் பால், பாயசம், பால்கோவா, ஐஸ்கிரீம் ஆகியவற்றைத் தவிர்ப்பது நலம். நம் பக்கத்து மக்கன் பேடாவும் கோவாவில் செய்வதே, அதை மறந்துவிடுகிறோம். பிஸ்கட் உறையில் பால்பவுடர் உண்டா என்று பாருங்கள். தயிரும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும். உறையும்போதே அச்சர்க்கரையில் ஒரு பகுதி புளிப்பாக மாறிவிடுகிறது. நெய்யில் அது அநேகமாக இல்லை. (ஆம்பூர்ப் பிரியாணிப் பிரியர்கள் பெருமூச்சு விடலாம்!) கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை மட்டும் மருத்துவரைக் கேளாமல் நிறுத்தாதீர்கள். எடை குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ தாமதியாது மருத்துவரிடம் செல்லுங்கள்.

சுண்ணாம்புச் சத்துக்கு என்ன செய்வது என்று அந்த அன்னை கேட்டார். கேழ்வரகு, எள்ளுருண்டை, முள்ளோடு உண்ணும் நெத்திலி என்றேன். பையன் இப்போது கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டுப் பள்ளி செல்கிறான்.