வ. உ. சி. பிறந்த நாளும் நமது தொண்டும்

செப்டம்பர் 5ஆம் தேதி வ. உ. சிதம்பரனாரின் படத்திற்கு மாலை சூட்டி, சொற்பொழிவாற்றிக் கலைவதே நமது செய்யாறு, ஆரணிப் பகுதியில் பெரும்பாலும் நடந்து வருகிறது. (அதே நாள் ஆசிரியர் தினமாகவும் இருப்பதால், பள்ளிகளில் அந்த மாலையும் அரிதே.) கப்பலோட்டிய பெருமையைப் பேசுவோர் அவரது தொழிலாளர் பணியைத் தொடுவதில்லை. தூத்துக்குடியில் தரும சங்க நெசவுச் சாலையை நிறுவியவர் அவர் என்பதை நெசவாளராகிய நாமேனும் நினைவிற்கொள்ள வேண்டாமா?

1908ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் தேதி அந்நகரின் கோரல் நூற்பாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். கூலி உயர்வையும் வார விடுமுறையையும் கேட்டனர். வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்றனர். கூட்டத்தில் எவ்வளவு பேசினாலும், கூலி நின்ற வீட்டில் உலை ஏறாவிடில் வேலைநிறுத்தம் நிலைக்காது. ஆகவே ஊராரிடம் நிதி திரட்டப்பட்டது. தொழிலாளர் சிலருக்கு வேறு வேலையும் தேடித் தரப்பட்டது. மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இணங்கியது. அம்மாதம் 12ஆம் தேதி வ. உ. சி. கைதானார்.

ஊர் அன்று செய்த அந்த உதவியையே அவர் பிறந்த நாளில் நாமும் செய்யலாம் என்பது நமது கருத்து. அமெரிக்காவில், துப்புரவுத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்திற்கு ஆதரவாக மெம்பிஸ் நகருக்குச் சென்ற இடத்தில் 1968இல் கொல்லப்பட்ட மார்ட்டின் லூதர் கிங்கின் பிறந்த நாள் விடுமுறையை, 1994ஆம் ஆண்டுச் சட்டம் பொதுத் தொண்டு நாளாக்கியது.

எனினும் ஒன்றை வற்புறுத்திக் கூறுகிறோம். சிரமதானம் என்ற பெயரால் பிறர் கூலியில் கை வைக்கலாகாது. அச்சுப் பிணைப்பவருக்கு அது பிழைப்பு. களை பறிக்கும் பெண்களுக்கும் அவ்வாறே. அவ்வேலைகளை ஒரு நாள் இலவசமாகச் செய்து புகைப்படம் எடுத்துக்கொள்வது, கூலிக்காகப் போராடியவருக்குச் செய்யும் மரியாதையாகாது. கால்வாய் தூர் எடுக்கவேண்டுமாயின் கூலி கொடுத்தே எடுக்க வேண்டும்.

கூலிக்கு ஆள் வைத்துச் செய்ய இயலாத பணிகள் வேறு உள்ளன. கண் மங்கிய முதிய நெசவாளருக்கு ஓய்வூதிய, நல வாரிய விண்ணப்பங்களை நிரப்பி, அலுவலகத்திற்கு உடன் செல்ல ஆள் வேண்டும். குத்தகை விவசாயிக்குக் கடன் பத்திரத்தைப் படித்துக் காட்டிப் பொருள் சொல்ல ஆள் வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. மழைக்காலத்தில் குழித்தறியில் நீர் ஊறித் தறி நின்றுவிட்டால், அவ்வீட்டில் வருமானமும் நின்றுவிடுகிறது. பயிர் செய்யும் அங்கத்தினர் அறுவடைக்குப் பின் ஒவ்வொருவரும் சிறிது நெல்லை இதற்கென ஒதுக்கினால், ஐப்பசி, கார்த்திகையில் அவ்வீடுகளுக்கு அளக்கலாம். நெசவாளர் வீட்டுப் படித்த பிள்ளைகள் விவசாயிகளின் விண்ணப்ப வேலையை ஏற்கலாம்.

எந்த வீடுகளில் நீர் ஊறுகிறது என்பதைத் தெருவாரியாகக் குறித்து, இம்மாதத்திற்குள் சங்க அலுவலகத்தில் சேர்ப்பிக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.