ரிப்ளை மெயில் பழைய தலைப்பிலேயே ஒளிந்துகொள்வது ஏன்?

இன்டர்வியூ தேதி மாறியதாக வந்த மெயில் கண்ணிலேயே படவில்லையா? பழைய தலைப்புக்குள் அது ஒளிந்திருக்கலாம்.

ஒவ்வொரு மெயிலுக்கும் தனி அடையாளக் குறியீடு உண்டு. ரிப்ளை கொடுத்தால், முந்தைய மெயிலின் குறியீடும் கண்ணுக்குத் தெரியாமல் கூடவே போகும். தலைப்பு மாறாது, முன்னால் 'ரீ:' மட்டும் சேரும். இது ரிப்ளை என்பதன் சுருக்கம் அல்ல. 'இந்த விஷயம் தொடர்பாக' என்ற பொருள் தரும் லத்தீன் சொல்.

ஜிமெயில் குறியீடு, தலைப்பு இரண்டையும் பார்க்கும். இரண்டும் பொருந்தினால்தான் ஒரே உரையாடலாக அடுக்கும். தலைப்பு மாறினாலோ, 100 மெயில்களைத் தாண்டினாலோ தனியாகப் பிரிந்துவிடும்.

ஆனால், சில செயலிகள் குறியீட்டை மட்டுமே பார்க்கும். அங்கே தலைப்பை மாற்றினாலும் மெயில் பழைய அடுக்கிலேயே போய்ச் சேரும்.

எனவே, புது விஷயம் என்றால் ரிப்ளை வேண்டாம். கம்போஸ் அழுத்தி, புதுத் தலைப்பில் அனுப்புங்க.