திரி தூண்டியவர்கள்

மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கமலையில், சாலின் அடியில் யானைத் துதிக்கைபோல ஒரு தோல் தொங்குமே, அதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்? 2004இல் ஒரு தமிழ் இணைய மன்றத்தில் இப்படிக் கேட்டு ஒரு திரி தொடங்கினேன். அன்று ராத்திரியே ஒருவர் ‘தும்பி’ என்றார். இன்னொருவர் ‘வால்’ என்றார். மூன்றாமவர் தாம் கமலையையே பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டுவிட்டு, கிணறுகளைப் பற்றி நாலு பத்தி எழுதினார். பிறகு திரி மெல்லக் கீழே இறங்கி இரண்டாம் பக்கம், ஏழாம் பக்கம் என்று போய்விட்டது. நானும் மறந்துவிட்டேன்.

பதினோரு மாதம் கழித்து ஒருநாள் பார்த்தால் முதல் பக்கத்தின் உச்சியில் அதே திரி. அதுவரை மன்றத்தில் ஒரு வரிகூட எழுதியிராத ஒருவர், துபாயில் வேலை பார்ப்பவர், எழுதியிருந்தார். லீவில் ஊருக்குப் போனபோது தாத்தாவிடம் கேட்டாராம். “எங்கள் பக்கம் வால்தான். சாலைத் தூக்குவது வடம், வாலை இழுத்துப் பிடிப்பது வால்கயிறு. கயிற்றின் பேரிலேயே விடை இருக்கிறதே என்று தாத்தா சிரித்தார்.” பதினோரு மாதமாக என் கேள்வியை ஒரு மனிதர் மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்திருக்கிறார்!

மன்றங்களுக்கு ஒரே ஒரு விதிதான். கடைசியாக எதில் பதில் விழுந்ததோ அந்தத் திரி மேலே வரும். மடற்குழுக்காரர்கள் இதை ‘இழை’ என்பார்கள், மன்றத்துக்காரர்கள் ‘திரி’ என்பார்கள். எனக்குத் திரிதான் பிடித்தது. ஒரு வருஷம் மங்கிக் கிடந்தாலும் யாரோ ஒருவர் வந்து தூண்டிவிட்டால் போதும். இன்று நான் எதைப் படிக்கவேண்டும் என்று முகநூலின் கணக்கு முடிவு செய்கிறது. அன்று அதைத் துபாயிலிருந்து ஒரு பேரன் முடிவு செய்தார்.

அங்கே போய்ச் சேர்வதும் லேசில்லை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்ததும் முதல் வேலை திஸ்கி எழுத்துருவை இறக்கி நிறுவுவது. அப்புறம் பிரவுசரில் என்கோடிங்கை மாற்றவேண்டும். அதுவரை திரையில் தெரிவது தமிழே அல்ல, கேள்விக்குறியும் கொக்கியுமாக ஏதோ ஒன்று. சென்டர் பையன் முறைப்பான். இவ்வளவு பாடுபட்டு உள்ளே வந்தவன் ‘ம்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகமாட்டான். நீளமாகத்தான் எழுதுவான், சண்டையானாலும் நீளமாகவே போடுவான். நாகரிகமான சண்டைகள் என்று இப்போது கதை விடமாட்டேன். சாதியைக் கிளறியவர்கள், போலிப் பெயரில் வந்து வசைபாடியவர்கள், நள்ளிரவில் திரியைப் பூட்டிவிட்டுத் தூங்கப்போன மட்டுறுத்துநர்கள் எல்லாரும் அங்கேயும் உண்டு.

ஆனால் அந்தக் கூட்டம் வேலையும் செய்தது. தமிழ்.நெட் மடற்குழு 1990களில் உலகின் மூலை முடுக்கிலிருந்த தமிழர்களைச் சேர்த்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், முகம் பார்த்திராதவர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தும் பிழை திருத்தியும் இணையத்தில் ஏற்றினார்கள். சம்பளம் கிடையாது. இன்றும் அந்தக் கோப்புகளை இறக்கிப் படிக்க முடிகிறது.

பேச்சுகள்தான் தங்கவில்லை. மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று யாஹூ குழுமங்களில் எவ்வளவு எழுதினார்கள்! 2019 கடைசியில் யாஹூ பழைய மடல்களைத் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது, 2020 டிசம்பரில் குழுமங்களையே மூடியது. என் கமலைத் திரி இருந்த மன்றம் அதற்கு முன்பே போய்விட்டது. நான் பிரதி எடுத்து வைக்கவில்லை. எப்போதும் இருக்கும் என்று நினைத்தது என் சோம்பல்.

போன மாதம் எங்கள் தெரு வாட்ஸாப் குழுவில் அதே கேள்வியைப் போட்டேன். பத்தே நிமிஷத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. யாரோ ஒருவருடைய அம்மா, எழுபது வயதுக்கு மேல் இருக்கும். “தும்பிங்க, வேற என்ன? மாடு முன்னால போறப்ப சால் மேல வரும், தும்பி மொதல்ல மடங்கி வரும், அப்புறம் தொட்டியில தண்ணி கொட்டும்” என்று நாற்பது விநாடி பேசினார். பின்னால் கோழி கூவியது. அந்த மன்றத்தில் இப்படி ஒரு அம்மா வந்து பேசியிருக்க வழியே இல்லை. எழுத்துருவை நிறுவத் தெரிந்த பேரனால்தான் பேசமுடியும், தாத்தா அவன் மேற்கோளுக்குள் இருந்தபடி சிரிக்கலாம், அவ்வளவுதான்.

மறுநாள் காலை அந்தப் பதிவைத் திரும்பக் கேட்கலாம் என்று தேடினேன். காலை வணக்கம், ரோஜாப்பூ, தண்ணீர் லாரி எப்போது வரும், கேஸ் சிலிண்டர், இன்னொரு ரோஜாப்பூ. கட்டைவிரல் வலிக்கும்வரை மேலே தள்ளிப் போய்க் கண்டுபிடித்தேன். அடுத்த வருஷம் இதே கேள்வியோடு ஒருவர் வந்தால் அவருக்கு அது கிடைக்காது. பழைய டைரி ஒன்றில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்: வால். தும்பி. பக்கத்தில் கோழி என்றும்.