முதலாண்டிலேயே எழுதுங்கள்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துவிட்டுப் பார்க்க வரும் பிள்ளைகளிடம், சாப்பாட்டுக்கு என்ன வழி என்று முதலில் கேட்டுவிடுவேன். தலைப்பைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "முதல்ல டாபிக் செட் ஆகட்டும், அப்புறம் ஃபெலோஷிப்புக்குப் போட்டுக்கலாம்னு கைடு சொல்றாங்க சார்." நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தலைப்பு முடிவாகி, டாக்டரல் கமிட்டி கூடி, கோர்ஸ் ஒர்க் முடிவதற்குள் இரண்டு வருடம் ஓடிவிடுகிறது. வெளியிலிருந்து வரக்கூடிய உதவித்தொகைகளில் பாதி அதற்குள் கைநழுவிப் போய்விடும்.

நெட் தேர்வு வழியாகக் கிடைக்கும் ஜேஆர்எஃப் உதவித்தொகையையே எடுத்துக்கொள்வோம். பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும், பட்டியல் இனத்தவருக்கும், பழங்குடியினருக்கும், பிற்படுத்தப்பட்டோருக்கும் 5 ஆண்டு தளர்வு உண்டு. 2023 ஜனவரி முதல் முதலிரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. மொத்தம் 5 ஆண்டுக்கு மேல் கிடையாது. ஆய்வேட்டைச் சமர்ப்பித்ததும் தொகை நின்றுவிடும். ஆகவே நான்காம் ஆண்டில் தேறுகிறவருக்கு மிச்சமிருக்கும் மாதங்கள்தான் லாபம். அமெரிக்கா போய் 6 முதல் 9 மாதம் ஆய்வு செய்ய உதவும் ஃபுல்பிரைட்–நேரு முனைவர் ஆய்வு நிதிக்கோ, பயணத்துக்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே விண்ணப்பம் போயாக வேண்டும். ஆய்வேட்டை முடிக்கும் தறுவாயில் இருப்பவருக்கான திட்டம் அல்ல அது.

திட்டங்களும் நிலையாக இருப்பதில்லை. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் ஃபெலோஷிப்பை நிறுத்துவதாக 2022 டிசம்பரில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அடுத்த வருடம் போடலாம் என்று இருந்தவர்களுக்கு அந்த அடுத்த வருடம் வரவேயில்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் தேறாத ஆய்வாளருக்குத் தரும் 8,000 ரூபாயைக்கூட 2015 அக்டோபரில் நிறுத்தப் பார்த்தார்கள். டெல்லியில் யுஜிசி அலுவலக வாசலில் மாணவர்கள் இரவு பகலாக உட்கார்ந்ததால்தான் அது தப்பியது. நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் அந்த அளவுக்குக்கூட எல்லாருக்கும் கிடைப்பதில்லை. ஆகவே பகலில் முழுநேர ஸ்காலராக இருப்பவர் மாலையில் டியூஷன் சென்டருக்குப் போகிறார். படிக்க வேண்டிய நேரம் அங்கே கரைகிறது.

பணக்கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். விண்ணப்பம் எழுதும் வேலையே ஓர் ஆய்வாளரை எப்படி மாற்றுகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். வரலாற்றுத் துறையில் சேர்ந்த ஒரு பெண், தஞ்சை மராட்டியர் காலச் சத்திரங்களைப் பற்றி ஆய்வு செய்யப்போவதாக வந்தார். இரண்டாம் சரபோஜி முத்தம்பாள் நினைவாக ஒரத்தநாட்டில் கட்டிய சத்திரம், ராமேசுவரம் போகும் வழியெங்கும் இருந்த மற்றச் சத்திரங்கள் என எல்லாம் ஆர்வமாகச் சொன்னார். சரி, இதை வரலாறு படிக்காத ஒருவர் வாசிப்பதாக நினைத்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வாம்மா என்றேன். முதல் பிரதியில் சத்திரங்களின் பெருமை மட்டும்தான் இருந்தது. அவர் எதைத் தேடுகிறார் என்பது எங்குமே இல்லை. திரும்பத் திரும்ப எழுதினார். யாருக்குச் சோறு போட்டார்கள், யாரைத் திருப்பி அனுப்பினார்கள், கும்பினியார் கைக்கு நிர்வாகம் போனபின் அந்தப் பட்டியல் மாறியதா என்று கேள்வி மெல்ல மெல்லத் திரண்டு வந்தது.

அதற்குள் இன்னொன்றும் தெரிந்துவிட்டது. "எந்தெந்த ஆவணங்களைப் பார்ப்பீர்கள்?" என்று படிவம் கேட்கிறதே! எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கும் வருவாய் வாரியக் கோப்புகளை ஆங்கிலத்தில் படித்துக்கொள்ளலாம். சரசுவதி மகாலில் இருக்கும் மராட்டியர் ஆவணங்கள் மோடி எழுத்தில் இருக்கின்றன. அதைக் கற்காமல் இந்த ஆய்வு பாதிக் கிணறுதான். ஆறாம் மாதத்தில் இது தெரிந்தால் உட்கார்ந்து எழுத்தைக் கற்றுக்கொள்ளலாம். நான்காம் ஆண்டில் தெரிந்தால் தலைப்பைச் சுருக்குவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த முதல் விண்ணப்பத்துக்குப் பணம் வரவில்லை. ஆனாலும் அந்த இரண்டு பக்கம்தான் பிற்பாடு அவருடைய சினாப்சிஸுக்கு அடித்தளமாயிற்று.

வெளியிலிருந்து சொந்தப் பெயரில் வரும் தொகைக்கு ஒரு மரியாதையும் உண்டு. கைடின் புராஜெக்டில் சம்பளம் வாங்குகிறவர் அந்த புராஜெக்டின் கேள்வியைத்தான் சுமக்க முடியும். தன் கணக்கில் தொகை வருகிறவர் தன் கேள்வியோடு உள்ளே வரலாம். வீட்டில் கல்யாணப் பேச்சை எதிர்கொண்டு நிற்கும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய பிடிமானம் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மாதாமாதம் பணம் வருகிற படிப்பைப் பாதியில் விடச்சொல்ல அப்பாக்களுக்கு அவ்வளவு எளிதில் வாய் வராது.

கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். மாதந்தோறும் பல்கலைக்கழகம் உறுதிசெய்து அனுப்ப வேண்டும். சில மாதங்கள் சேர்ந்தாற்போல் வராமல் போவதும் நடக்கிறது. இது பெரிய அநியாயம். ஆய்வு மாணவர் என்றால் கடன் வாங்கிக்கொண்டாவது காத்திருப்பார் என்று அரசாங்கமே நினைப்பது ஏற்கத்தக்கதல்ல.

துறைகளுக்கு ஒரு கோரிக்கை. 2022 யுஜிசி விதிப்படி கோர்ஸ் ஒர்க்குக்குக் குறைந்தது 12 கிரெடிட் ஒதுக்கியாக வேண்டும். அதில் ஆய்வு முறையியல் தாளுக்குப் பழைய மாதிரி கேள்வித்தாள் தருவதற்குப் பதிலாக, ஓர் உண்மையான ஃபெலோஷிப் படிவத்தை நிரப்பச் சொல்லி, அதை வேறு துறைப் பேராசிரியரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம். இதற்குப் புதிதாக ஒரு பைசா செலவில்லை.

மாணவர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. எம்.ஏ.வில் பாடம் எடுத்த ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் இப்போதே கேளுங்கள். இன்னும் இரண்டு வருடம் போனால் உங்கள் முகம் ஞாபகம் இருக்கும், எழுதிய கட்டுரை ஞாபகம் இருக்காது. கேட்கப் போகும்போது உங்கள் இரண்டு பக்கத்தையும், கடைசித் தேதியையும், அவரிடம் எழுதிக்கொடுத்த பழைய அசைன்மென்ட் ஒன்றையும் கையில் கொண்டுபோங்கள். குறைந்தது மூன்று வாரமாவது அவருக்கு அவகாசம் கொடுங்கள்.