அப்பாவின் தொழில் உங்களுக்கு எதற்கு?

கடந்த மாதம் எங்கள் துறையின் முதுகலை மாணவர்களுக்கு ரெஸ்யூம் திருத்திக் கொடுத்தேன். ஆம்பூர்ப் பக்கத்து மாணவி ஒருவர் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தை மட்டும் நிரப்பாமல் விட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "தோல் ஃபேக்டரின்னு எழுதினா கூப்பிடுவாங்களாண்ணா?" என்றார்.

அவர் பயம் வீண் பயமல்ல. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் செய்த ஆய்வு 2007இல் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லியில் வந்தது. தனியார் நிறுவனங்களின் செய்தித்தாள் விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை உயர்சாதி இந்து, தலித், இசுலாமியர் பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, இசுலாமியப் பெயருக்கு 0.33. தகுதி ஒன்றுதான், பெயர்தான் வேறு.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இல்லையே என்பார்கள். 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தொடங்கி வைத்த வேலை அது. ஆனால் பெயரில் வெட்டிய வால் பயோடேட்டாவின் அடியில் முளைத்துவிட்டது: தந்தையின் தொழில், மதம், வகுப்பு, நிரந்தர முகவரி. முகவரியில் 'காலனி' என்று இருந்தால் மற்றதைப் படிக்கவே தேவையில்லை.

நானே ஒரு தனியார் கல்லூரிக்கு உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்குப் போனேன். என் ஆய்வைப் பற்றி ஒரு கேள்வி, சொந்த ஊரைப் பற்றி மூன்று கேள்விகள். கடைசிக் கேள்வி: "ஊர்ல எந்தப் பக்கம்?"

ஆகவே, தனியார் வேலைக்கு விண்ணப்பிக்கும் தம்பி, தங்கைகளே, அந்த அடிப்பகுதியை மொத்தமாக நீக்குங்கள். கைப்பேசி எண், மின்னஞ்சல், இருக்கும் நகரம் போதும். அரசு விண்ணப்பம் வேறு. அங்கே வகுப்பைக் குறிப்பிடுவது நம் உரிமை, விடாதீர்கள். மிச்சமாகும் இடத்தில் செய்த வேலையை எழுதுங்கள். அந்த மாணவி இரண்டு கோடை விடுமுறைகளில் ஷூ கம்பெனியில் தரம் பார்த்திருக்கிறார். அதைக் கேவலம் என்று மறைத்திருந்தார். அதுதான் அனுபவம், முதலில் வையுங்கள். கவரிங் லெட்டரில் 'கருணை கூர்ந்து' எல்லாம் வேண்டாம். எந்தப் பணி, அதற்குப் பொருத்தமாக என்ன செய்திருக்கிறேன், அங்கே என்ன செய்ய முடியும்: ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள்.

இது தற்காப்பு மட்டுமே. தபாலில் மறைத்ததை நேர்காணலில் தோண்டி எடுப்பார்கள். நமக்கு ரெஸ்யூம் எழுதவும் ஆங்கிலம் பேசவும் பயிலரங்கு நடத்துகிறவர்கள், சாதி பார்க்காமல் ஆள் எடுப்பது எப்படி என்று முதலாளிகளுக்கு ஏன் ஒரு பயிலரங்கு நடத்துவதில்லை? குறை நம்மிடம்தான் என்று முடிவு செய்துவிட்டுத்தான் திருத்த வருகிறார்கள்.

அரசமைப்புச் சட்டத்தின் 16(4) அரசுப் பணியோடு நின்றுவிடுகிறது. தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும். விண்ணப்பத்திலும் நேர்காணலிலும் குடும்பப் பின்னணி கேட்பதைச் சட்டம் தடுக்க வேண்டும்.

அந்த மாணவியிடம் அந்த வரியையே அடித்துவிடச் சொன்னேன். அவருடைய அப்பாவின் தொழிலில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதைக் கேட்கிறவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்.