பத்து ரூபாய் பத்து ரூபாய்தான்

சேத்தூர் வியாபாரிகளாகிய நாம் ஒன்றை யோசிக்க வேண்டும். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தியை நம்பி வாங்க மறுத்தோம். அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. ஆனால் 2012-ஆம் ஆண்டின் வைஷ்ணோ தேவி பத்து ரூபாய் மட்டும் லட்சம் பெறும் என்று கல்லாவைத் துழாவுகிறோம்!

இதுவும் வதந்தியே. விலை சொல்ல நூறு பேர் வருவார்கள். பணத்தை எண்ணி வைப்பவரே கிராக்கி. அவர் வராதபோது லட்சமும் பத்து ரூபாய்க்கே இறங்கும். பழைய நாணய விற்பனைக்கு ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்கும் மோசடிக் கும்பல்களைப் பற்றி, 2021 ஆகஸ்டில் அவ்வங்கியே எச்சரித்தது.

ஆகவே, நீட்டிய நாணயத்தை மறுக்காமல் வாங்குவோம். முதலை முடக்காமல் சில்லறையாகப் புழங்க விடுவோம்.