கற்பிப்போர் ஊதியமும் வரிச்சலுகையும்: கார்ஹிங்கிலிருந்து ஒரு நிலைப்பாடு

ஜெர்மனியின் வருமான வரிச் சட்டத்தில் 3ஆம் பிரிவின் 26ஆம் எண், ஓய்வு நேரத்தில் கற்பிப்பவருக்கென்று ஒரு விலக்கு வைத்திருக்கிறது. பொதுநலச் சங்கம், நகராட்சி, பல்கலைக்கழகம் போன்ற ஓர் அமைப்புக்காகப் பகுதி நேரமாகப் பாடம் நடத்துபவர், விளையாட்டுப் பயிற்சி தருபவர், பாடகர் குழுவை நடத்துபவர் ஆகியோர் பெறும் ஊதியத்தில் குறிப்பிட்ட தொகை வரை வரி கிடையாது. சமூகக் காப்பீட்டுக் கட்டணமும் கிடையாது. ஜெர்மானியர் ஊபுங்ஸ்லைட்டர்பௌஷாலெ என்று அழைக்கும் இந்தப் பயிற்றுநர் விலக்கு, 1980இல் ஆண்டுக்கு 2,400 மார்க்காக இருந்தது. 2000இல் 3,600 மார்க், 2007இல் 2,100 யூரோ, 2013இல் 2,400 யூரோ, 2021இல் 3,000 யூரோ என்று வளர்ந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வரித் திருத்தச் சட்டம் அதை 2026 ஜனவரி 1 முதல் 3,300 யூரோவாக்கியிருக்கிறது. மாதக் கணக்கில் இது 275 யூரோ.

வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருவதும் இந்த விலக்குக்குள் வரும். அதனால்தான் கார்ஹிங்கில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு இது தொலைவில் நடக்கும் வரி விவகாரமாகத் தெரியவில்லை. மியூனிக்கின் வடக்கே, யூ6 சுரங்க ரயில் முடியும் இடத்தில் இருக்கிறது இந்த ஊர். 1957இல் முட்டை வடிவக் கூரையோடு எழுந்த ஆய்வு அணு உலை இன்று நகரின் சின்னத்திலேயே இருக்கிறது. மாக்ஸ் பிளாங்க் நிறுவனங்கள், ஐரோப்பியத் தெற்கு வானாய்வகத்தின் தலைமையகம், மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம் எல்லாம் ஒரே வயல்வெளியில் நிற்கின்றன. படிக்கவும் ஆராயவும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் குடும்பத்தோடு தங்கிவிட, பிள்ளைகள் ஜெர்மன் பள்ளியில் சேர்கிறார்கள். தமிழ் எழுத்து அவர்களுக்குச் சனிக்கிழமை வகுப்பில் கிடைத்தால்தான் உண்டு.

இத்தகைய வகுப்புகளுக்கு ஜெர்மனியில் முன்னோடிகள் ஈழத்திலிருந்து ஏதிலிகளாக வந்தவர்கள். தமிழ்க் கல்விக் கழகத்தின் தமிழாலயங்கள் நாடெங்கும் பல நகரங்களில் நடக்கின்றன. பாடத்திட்டம், தேர்வு, கலைப் போட்டி என ஒரு முழுப் பள்ளி முறையையே தொண்டர்கள் கட்டி எழுப்பினார்கள். அந்த உழைப்பில் பெரும்பகுதிக்கு யாரும் ஊதியம் தந்ததில்லை. தொண்டு என்பதால் ஊதியம் கேட்கக் கூடாது என்ற எண்ணம் தமிழரிடையே ஆழமாக ஊறியிருக்கிறது. இந்த நிலைப்பாட்டை வெளியிடும் எங்கள் அமைப்பு அதை ஏற்கவில்லை. வாரந்தோறும் பாடம் தயாரித்து, பிள்ளைகளின் கையெழுத்தைத் திருத்தி, பெற்றோருக்குப் பதில் சொல்பவர் ஆசிரியர்தான். அவருக்குச் சிறு தொகையாவது உரிமையாகச் சேர வேண்டும்.

எனவே விலக்கு 3,300 யூரோவாக உயர்ந்ததை இந்த அமைப்பு முழு மனத்தோடு ஆதரிக்கிறது. ஆனால் வரிச்சலுகை தன்னளவில் ஒருவருக்கும் ஊதியம் தருவதில்லை. யாரோ ஒருவர் கொடுத்த ஊதியத்தில் அரசு கை வைக்காமல் இருக்கிறது, அவ்வளவுதான். கொடுக்கச் சங்கத்திடம் பணமே இல்லாத இடத்தில் விலக்கு 3,300 ஆனாலும் 33,000 ஆனாலும் ஆசிரியர் வீட்டுக்கு வெறுங்கையோடுதான் போவார்.

ஊதியம் கிடைக்கும் இடத்திலும் பலன் சமமாக விழுவதில்லை. பகலில் பொறியாளராக வேலை செய்து 42 சதவீத வரி விகிதத்தில் இருக்கும் ஒருவர், 3,300 யூரோ முழுவதையும் கற்பித்துப் பெற்றால், ஏறக்குறைய 1,386 யூரோ வரி மிச்சமாகும். அதே வகுப்பின் மறுபாதியை நடத்தும் முதுகலை மாணவிக்கு வேறு வருமானம் சொற்பம். 2026இல் 12,348 யூரோ வரையிலான வருமானத்துக்கு எவருக்குமே வரி இல்லாததால், இந்த விலக்கு அவருக்கு வரியில் ஒரு சென்ட்டும் மிச்சம் தராது. அதிகம் சம்பாதிப்பவருக்கு அதிகமும், தேவைப்படுபவருக்குக் குறைவாகவும் போய்ச் சேர்வது வரிவிலக்கின் இயல்பு. கற்பிப்போர் ஊதியத்தை உயர்த்தும் ஒரே கருவியாக இதை முன்வைப்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லாமல் விடக் கூடாது.

தமிழ்நாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் சொல்லித் தர 2012இல் மாதம் 5,000 ரூபாய்க்கு நியமிக்கப்பட்ட அரசுப் பள்ளிப் பகுதிநேர ஆசிரியர்கள், பல ஆண்டுகள் போராடினார்கள். 2023 அக்டோபரில் சென்னையில் நடந்த போராட்டத்துக்குப் பிறகு அவர்களுடைய தொகுப்பூதியம் 10,000 ரூபாயிலிருந்து 12,500 ஆனது. பன்னிரண்டு மாதமும் கிடைத்தாலும் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம்தான். இந்திய வருமான வரி வரம்புக்கு அது வெகு கீழே நின்றது. அவர்களுக்கு எந்த வரிச்சலுகை அறிவித்தாலும் பயன் பூஜ்ஜியம். பணி நிரந்தரமும் ஊதிய உயர்வும்தான் பயன் தரும்.

முழுநேர ஆசிரியர்களுக்கே வரியை நீக்கிவிடலாம் என்ற யோசனையும் உலகில் எழுந்திருக்கிறது. கலிபோர்னியாவில் 2017இல் முன்வைக்கப்பட்ட எஸ்பி 807 மசோதா, ஐந்தாண்டுகளுக்கு மேல் பணியாற்றிய ஆசிரியருக்கு மாநில வருமான வரியிலிருந்து விலக்கு அளிக்க முனைந்தது. ஆசிரியர் பற்றாக்குறையும் வீட்டு வாடகையும் அதற்குக் காரணங்கள். அது சட்டமாகவில்லை. ஒரே வருமானம் பெறும் செவிலிக்கும் ஆசிரியருக்கும் வெவ்வேறு வரி என்றால் அதை நியாயப்படுத்துவது எளிதல்ல. பவேரிய மாநிலம் வேறு வழியில் போனது: தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களை ஏ12 ஊதிய நிலையிலிருந்து ஏ13க்குப் படிப்படியாக உயர்த்தி, 2028இல் முடிக்கச் சட்டம் இயற்றியது. முழுநேர ஆசிரியரின் பிரச்சினைக்கு இதுவே நேரான விடை. சம்பளம் போதவில்லை என்றால் சம்பளத்தைத்தான் கூட்ட வேண்டும்.

பகுதிநேரக் கற்பித்தலில் நிலைமை சிக்கலானது. 2022 ஜூன் 28 அன்று கூட்டாட்சிச் சமூக நீதிமன்றம், ஹெரன்பெர்க் நகர இசைப் பள்ளியில் மதிப்பூதியத்துக்குப் பணியாற்றிய பியானோ ஆசிரியை உண்மையில் ஊழியரே, அவருக்காகக் காப்பீட்டுக் கட்டணம் செலுத்தப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதற்குப் பின் இசைப் பள்ளிகளும், ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூலெ எனப்படும் மக்கள் கல்வி நிலையங்களும் பழைய ஒப்பந்தங்களை அச்சத்தோடு புரட்டத் தொடங்கின. 2025இல் அரசு ஓர் இடைக்கால விதியைக் கொண்டுவந்தது. தீர்ப்பு ஆசிரியரின் பக்கம் நிற்பது, ஆகவே அது சரியானது. கூடவே, பயிற்றுநர் விலக்கின் மதிப்பையும் அது கூட்டியிருக்கிறது: அந்த வரம்புக்குள் இருக்கும் சிறு வகுப்புக்குக் காப்பீட்டுக் கணக்கின் சுமை வருவதில்லை. ஒரு சிறிய தமிழ்ச் சங்கத்தின் பொருளாளருக்கு இது பெரிய நிம்மதி.

மாணவர்களுக்கு இன்னொரு தடை உண்டு. இந்தியாவிலிருந்து வந்து படிப்பவரின் வதிவிட அனுமதி, ஊழியராகக் குறிப்பிட்ட அளவு வேலை செய்ய இடம் தருகிறது. சுயதொழிலுக்குத் தனி அனுமதி வேண்டும். சங்கங்கள் தரும் மதிப்பூதியம் பல நேரங்களில் சுயதொழில் வருமானமாகவே பார்க்கப்படும். இதற்கு அஞ்சி, நன்றாகத் தமிழ் கற்பிக்கத் தெரிந்த மாணவர்கள் ஊதியத்தை மறுத்துவிடுகிறார்கள், அல்லது வராமலே இருந்துவிடுகிறார்கள். வரிச் சட்டம் ஊக்குவிக்கும் ஒரு வேலையை வதிவிடச் சட்டம் தயங்க வைப்பது பொருந்தாது. பயிற்றுநர் விலக்கின் வரம்புக்குள் நடக்கும் கற்பித்தலை மாணவர்களின் வதிவிட அனுமதியே தானாக உள்ளடக்க வேண்டும் என்பது இந்த அமைப்பின் முதல் கோரிக்கை.

விலக்கின் அளவு விலைவாசியோடு நகர வேண்டும் என்பது அடுத்தது. 2013 முதல் 2020 வரை அது அசையவே இல்லை. 2020ஆம் ஆண்டின் விலைவாசியை 100 என்று கொண்டால் 2024இல் அது 119ஐத் தாண்டிவிட்டது. 2021இலிருந்து விலக்கு உயர்ந்ததோ 10 சதவீதம்தான். அதாவது 3,300 யூரோவுக்கு இன்று கிடைப்பது 2021இல் 3,000 யூரோவுக்குக் கிடைத்ததைவிடக் குறைவு. அடிப்படை வரிவிலக்கு வரம்பு, வாழ்வதற்கான குறைந்தபட்சச் செலவு பற்றி ஈராண்டுக்கொருமுறை அரசு தரும் அறிக்கையை ஒட்டி மாற்றப்படுகிறது. பயிற்றுநர் விலக்கையும் அதோடு கட்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் தனிச் சட்டத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

மூன்றாவது கோரிக்கை பவேரிய அரசை நோக்கியது. தாய்மொழித் துணைப் பாடத்தை இந்த மாநிலம் 2004க்குப் பிறகு படிப்படியாகக் கைவிட்டது. வடக்கு ரைன் வெஸ்ட்ஃபாலியாவோ தமிழையும் உள்ளடக்கிய பல மொழிகளை மாநிலச் சம்பளம் பெறும் ஆசிரியர்களைக் கொண்டு பள்ளியிலேயே கற்பிக்கிறது. அங்கே ஆசிரியருக்கு வரிச்சலுகையைத் தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லை. பவேரியா உடனே அவ்வளவு தூரம் வராவிட்டாலும், பதிவு பெற்ற சங்கங்கள் நடத்தும் தாய்மொழி வகுப்புகளுக்கு மணிநேர மானியம் தரலாம். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத ஆசிரியரின் கைக்கும் அந்த மானியம் போய்ச் சேரும். கார்ஹிங் நகராட்சி பள்ளி அறைகளைச் சனிக்கிழமைகளில் வாடகையின்றித் திறந்துவிட்டால், பெற்றோர் கட்டும் கட்டணம் முழுவதும் ஆசிரியருக்கே செல்லும்.

சங்கங்களும் தங்கள் பங்குக்குச் செய்ய வேண்டியது உண்டு. ஆசிரியரோடு எழுத்து ஒப்பந்தம் செய்து, ஊதியத்தை முன்கூட்டியே நிர்ணயிக்க வேண்டும். பிறகு ஆசிரியர் தானாக விரும்பி அதை விட்டுக்கொடுத்தால், சட்டப்படி அது நன்கொடையாகும். நன்கொடைச் சான்று பெற்று வரியில் கழித்துக்கொள்ளலாம். இதற்கு நிபந்தனைகள் உண்டு. ஊதியத்தைத் தரும் பண வசதி சங்கத்துக்கு உண்மையிலேயே இருக்க வேண்டும், விட்டுக்கொடுப்பது உரிய காலத்துக்குள் நடக்க வேண்டும், விட்டுக்கொடுப்பதாக முன்கூட்டியே வாக்கு வாங்கியிருக்கக் கூடாது. காகிதத்தில் மட்டும் ஊதியம் காட்டிச் சான்று எழுதும் சங்கம் தன் பொதுநலத் தகுதியையே இழக்கலாம்.